மேப்புலம்மா வந்து நின்ற வீடு

உங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், ஒரு சுரங்கக் குழி, கல்லைப் போட்டால் விழும் சத்தம் மேலே வந்து சேராத அளவுக்கு ஆழமான குழி, காலையில் எழுந்து பார்க்கும்போது வந்து நின்றுகொண்டிருந்தால், நீங்கள் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். குழியைத்தான் என்று சொன்னால் நீங்கள் பொன்னங்குழிக்காரர் இல்லை. எங்கள் ஊரில் குழியை யாரும் தப்பு சொல்ல மாட்டோம். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்காரர்களைத்தான் சந்தேகப்படுவோம்.

பொன்னங்குழி என்றால் இன்றைக்கு தங்கம் பிரித்தபின் கொட்டின ஒரு சயனைடு மண்மேடு, ஒரு இரும்புக் கோபுரம், கம்பெனி வரிசையாகக் கட்டி இப்போது கூரை போன லைன் வீடுகள், கூரை போகாத சில வீடுகளில் நாங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இங்கே மேய வந்த ஆட்டின் பல்லில் மஞ்சளாக ஏதோ மின்னியதாம், மேய்த்தவன் அதைச் சுரண்டி எடுத்து ஊரெல்லாம் காட்டினானாம், காட்டாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான், அதைப் பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனி கப்பலில் சக்கரமும் சங்கிலியும் கொண்டுவந்து இறக்கி, தண்ணீர் இல்லாத ஊர்களிலிருந்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்து, தோண்டு என்றதாம். தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே இருந்த ஊரைவிடக் கீழே இருந்த ஊர் பெரிசாகிவிட்டது. கீழேயும் தெரு உண்டு, முக்கு உண்டு, மாதாவுக்குக் கல்லில் குடைந்த கெபி உண்டு, பக்கத்திலேயே முனீஸ்வரனும் உண்டு. சைரன் ஊதினால்தான் சோறு, சைரன் ஊதினால்தான் தூக்கம், கோழிகூட சைரனுக்குத்தான் முட்டையிட்டது என்பார்கள். பெரிய குழிக்கு அந்தக் கம்பெனி துரை தன் பெண்டாட்டி பெயரை வைத்தான், மேபல் என்று. எங்கள் ஆட்கள் வாயில் அது மேப்புலம்மா ஆயிற்று. பெயரில் அம்மா சேர்ந்ததும் ஆடிக்குக் கூழும் ஈஸ்டருக்கு மெழுகுவர்த்தியும் தானாக வந்துவிட்டன.

பிறகு கம்பெனி போயிற்று, சர்க்கார் வந்தது. பிறகு தங்கம் எடுக்கிற செலவுக்குத் தங்கம் போதவில்லை என்று சொல்லி சர்க்காரும் போயிற்று. கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள், சைரனைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், ஜனங்கள் லாரி லாரியாகக் கிளம்பினார்கள், கதவையும் ஜன்னலையும் கழற்றி லாரியிலேயே ஏற்றினார்கள். மிச்சம் இருந்த ஆண்கள் விடியுமுன் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவல் நின்றுவிட்டு இருட்டினபிறகு வருகிறவர்கள் ஆனார்கள். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசியும் அப்படித்தான். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் கிணறு உண்டு, எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் உண்டு, நான் அதை முழுசாகப் படித்தேன். கணக்கில் கெட்டிக்காரி என்று டீச்சர் சொல்வார். அந்தக் கணக்கு, டேங்கர் தண்ணீரை எந்தக் குடத்தில் எவ்வளவு பிடித்தால் பிள்ளையின் துணிக்கும் மிஞ்சும் என்று பார்க்கத்தான் உதவியது.

நான் வந்த வருஷம்தான் குழி நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆடு ஓட்டிப்போனவர்கள் பார்த்தால், இரும்புக் கோபுரம் மட்டும் காலை அகட்டிக்கொண்டு வெறும் தரையில் நிற்கிறது, அடியில் குழி இருந்த இடத்தில் தும்பை பூத்துக் கிடக்கிறது. குழி எங்கள் லைனிலேயே இருந்த எஸ்தர் அண்ணி வீட்டுக் கொல்லையில் இருந்தது. ஓரத்தில் பதித்த கருங்கல் மாறாமல், உள்ளே தொங்கின துருப்பிடித்த கம்பி மாறாமல், அடியிலிருந்து வருகிற வெடிமருந்து வாடையும் மாறாமல், அப்படியே. கோழி கூண்டில் இருந்தது, கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

யாரும் கூச்சல் போடவில்லை. ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் காலையில் வீடு திரும்புகிற ஊர் இது, குழி ஒரு நாள் வீடு தேடி வந்தால் அதில் என்ன அதிசயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி வைத்தோம். கொல்லைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றினோம், குழிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டில் ஏறும்போது கழற்றுகிற வழக்கம் ஆண்களுக்கு, அதை நாங்களும் பிடித்துக்கொண்டோம். குழியிலிருந்து எப்போதும் வெதுவெதுப்பாகக் காற்று வரும், அப்போது மழைக்காலம், அதனால் எஸ்தர் அண்ணி அதைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைத் துணியெல்லாம் காயப்போட்டாள், அரை மணியில் காய்ந்துவிட்டது, நாங்களும் எங்கள் துணியைக் கொண்டுபோனோம். அந்த வாரமே அவர்கள் வீட்டு முன்னால் லாரி நின்றது.

அப்புறம் குழி அடுத்த லைனில் ஒரு கொல்லைக்குப் போனது. அவர்களும் போனார்கள். அப்புறம் கோவில் பக்கத்து வீடு. அவர்களும் போனார்கள். அதற்கப்புறம்தான் ஊருக்கு விளங்கியது: மனசு கிளம்பிவிட்ட வீட்டில்தான் மேப்புலம்மா வந்து நிற்கிறாள். வாயைத் திறந்து ஒருத்தருக்கும் சொல்லாமல், மூட்டையும் கட்டாமல், போய்விடலாம் என்று உள்ளுக்குள்ளே முடிவு செய்தாலே போதும், அவளுக்குத் தெரிந்துவிடும்.

நடுவில் சர்க்காரிலிருந்து ஒருத்தர் சங்கிலியும் முக்காலியும் கொண்டு குழியை அளக்க வந்தார். குழி எங்கே என்று கேட்டார். உங்கள் முதுகுக்குப் பின்னால் சார் என்றோம். திரும்பிப் பார்த்தார், கருங்கல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், தன்னிடம் இருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் அது கேட்டுக்கு உள்ளே இருந்தது. படத்தில் இருக்கிறபடிதான் இருக்க முடியும் என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். ஜீப்பில் ஏறும்போது செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

இதிலென்ன வந்தது, போகிறவர்கள் போகட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். தண்ணீருக்கு வினை வந்தது, அதுதான் வந்தது. எங்களுக்கு டேங்கர்தான் கதி. வீடு குறையக் குறைய டேங்கர்காரன் முகம் சுளித்தான். "இன்னும் ஒண்ணு ரெண்டு குடும்பம் கழண்டுகினா இந்த ரூட்டையே எடுத்துடுவாங்க, அப்புறம் என்னை ஏசாதீங்க" என்றான். அன்றிலிருந்து கிளம்புகிறவன் வெறுமனே கிளம்புகிறவன் இல்லை, எங்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவன். ஆளை ஆள் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. யார் வீட்டில் அட்டைப்பெட்டி இருக்கிறது, யார் வீட்டுக்கு வெளியூர் உறவு வந்துபோகிறது, யார் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் இந்த வருஷம் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று கண்ணெல்லாம் அதிலேயே. விடிந்ததும் தன் கொல்லையைப் பார்க்கிற முன்னே அடுத்தவர் கொல்லையை எட்டிப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன், வேலிக்கு மேலே எட்டுகிற உயரம் எனக்கு.

ஒரு சட்டமும் வந்தது. குழி நிற்கிற வீட்டுக் குடத்தை டேங்கர் வரிசையில் கடைசிக்குத் தள்ள வேண்டும். "மனசு கிளம்பிட்ட வீட்டுக்குத் தண்ணி எதுக்கு?" என்று சொல்லி, அதற்கடுத்துக் குழி வந்த வீட்டின் குடங்களைத் தன் காலாலேயே கடைசிக்குத் தள்ளி, அந்தச் சட்டத்தை ஆரம்பித்து வைத்தவர் வேறு யாருமில்லை, என் மாமனார் சவரிநாதன். வாலிபம் முழுக்கக் கீழேயே இருந்தவர், நெஞ்சில் கல்தூசி ஏறிப்போய் மூச்சுக்கு மூச்சு சங்கு ஊதுகிறவர், ஆனாலும் பேச ஆரம்பித்தால் ஊர் கேட்கும். "எங்கப்பன் ரத்தம் கீழே கீது, நான் சாவுற வரிக்கும் இந்த மண்ணை உட்டு நவுர மாட்டேன்" என்று அவர் சொல்லும்போது பழைய யூனியன்காரர் முனிரத்னம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர்கள் ரெண்டு பேரும்தான் லாரி வந்த வீடுகளின் முன்னால் போய் நின்று திட்டுவார்கள். திட்டெல்லாம் பெண்களுக்குத்தான். பொம்பளைதானே கிளப்பிவிடுகிறவள், ஆம்பளைக்கு அந்தப் புத்தி எங்கே வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை மேப்புலம்மா எங்கள் கொல்லையில் வந்து நின்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் போகிற எண்ணம் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் முருங்கைக்குப் பக்கத்தில் புதினா நட்டிருந்தேன். புதினா குழியின் ஓரத்தில் வாடாமல் நின்றது, வெதுவெதுப்புக்கு இன்னும் ஜோராகத் துளிர்விட்டிருந்தது. நான் என் மகள் ஷைனியை, தவழ்கிற பருவம், உரலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, காபி போட்டேன். எனக்கு இல்லை என்றால் வேறு யாருக்கு? என் வீட்டுக்காரர் அன்றைக்கு வார லீவு. காபியைக் கையில் கொடுத்தேன்.

"ரயில்ல யார்கூட பேசிகினு போறே தினமும்?" என்றேன்.

"நான் ரயில்ல தூங்கிகினு போவேன்."

"பட்டணத்துல ரூம் பார்த்துட்டியா?"

"ஏய், உங்க அண்ணன் வந்துட்டுப் போனான் இல்ல, அவன் காதுல நீ ஏதோ ஊதினே. நான் பார்த்தேன்."

"அவன்கிட்ட பொரி உருண்டை கேட்டேன்."

"பொரி உருண்டைய காதுலயா கேப்பாங்க?"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், கொல்லையில் குழி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தது. மாமா சமையற்கட்டுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மானம் போச்சு" என்றார். "இந்த வூட்லயா? சவரிநாதன் வூட்லயா?" என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

டேங்கர் வந்தது. என் குடங்களை நான் வைத்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா கடைசிக்கு நகர்த்தினாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற அளவுக்கு என்னிடம் பாசமாக இருந்தவள்.

"அக்கா, குழந்தை இருக்குது வூட்ல" என்றேன்.

"எங்க வூட்ல மட்டும் பொம்மையா இருக்குது? நீ உங்க ஊருக்குப் போயி கிணத்துல மொண்டு குடி, கண்ணு."

"நான் எங்கயும் போவலையே."

"நீ போவல, மேப்புலம்மா பொய் சொல்றா. இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்னம் சிரிக்கவில்லை. "உன் மாமனாரு மூஞ்சியப் பார்த்தியா பொண்ணே? ஒரே நாள்ல பத்து வயசு ஏறிடுச்சு. மருமவ வந்து சேந்தா பாரு" என்றார். என் குடத்துக்கு முறை வரும்போது குழாய் காற்றைத்தான் துப்பியது. அன்றைக்கு ஷைனியை ஈரத்துணியால் துடைத்துத் தூங்கவைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அவளுக்குத் தொடை இடுக்கில் வேர்க்குரு வெடித்துச் சிவந்துவிட்டது, துணி மாற்றும்போதெல்லாம் கத்தினாள். நான் அழுகிற ஜாதி இல்லை. ஆனால் சோறு வடித்த கஞ்சியில் பிள்ளையின் துணியை அலசினால் யாருக்கும் கோபம் வரும்.

நான் கணக்குப் போட்டேன். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் மூன்று பேர். மேப்புலம்மா வந்தது யாருக்காகவோ, அந்த ஆள் வீட்டில் இல்லாத நாளில் அவளும் கொல்லையை விட்டு அந்தப் பக்கமாக நகர்ந்தாக வேண்டும். அம்மாவைப் பார்க்கிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குப் போனேன், ஆசை தீரத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன், பிள்ளை வாளிக்குள்ளேயே தூங்கிற்று. திரும்பி வந்து கன்னியம்மா அக்காவிடம் கேட்டேன். நான் இல்லாத நாளிலும் குழி கொல்லையை விட்டு நகரவில்லை, அவள்தான் வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஆக, நான் இல்லை. என் வீட்டுக்காரர் ரயிலேறிப் போன நாட்களிலும் குழி அங்கேயேதான். ஆக, அவரும் இல்லை. கணக்கு இங்கே வந்து நின்றது. இதற்குமேல் போட எனக்கே கை வரவில்லை. ஷைனியைக்கூட ஒரு தரம் சந்தேகப்பட்டேன். ஆனால் அவள் குழியைக் காட்டி கையைக் கொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாமா மூச்சுக்கு மருந்து வாங்க மிஷன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறப் போனார். அவர் தெருமுனை திரும்பின கொஞ்ச நேரத்தில் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனால், குழி இல்லை. தரை இருந்தது. புதினா இருந்தது. கொடியில் துணி இருந்தது, காயாமல்.

நான் ஓடிப்போய்க் கன்னியம்மா அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாருங்கள் என்று வேலியைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். வேலியை அப்படியே விட்டேன். மதியச் சோற்றை முடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற நேரத்துக்கு ஊர் எல்லைக்கு நடந்தேன். பழைய கிளப் கட்டடத்துக்கு எதிரே, துரைகள் டென்னிஸ் ஆடின இடத்தில்தான் இப்போது பஸ் நிற்கும். அந்த வெயிலில் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. மேப்புலம்மா மட்டும் இருந்தாள். வாதநாராயண மரத்து நிழலில், எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், ஊரைத் தாண்டிப் போக முடியாமல், எஜமானுக்குக் காத்திருக்கிற ஆடு மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

நான் கிளப் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஸ் வந்தது. மாமா மட்டும் இறங்கினார். பஸ் போகிறவரைக்கும் செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்தே இருந்தார். பஸ் போனதும் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குழியின் பக்கம் போய், ரொம்ப நாள் பழகினவளிடம் பேசுகிற குரலில், "இரு, வர்றேன், அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு" என்றார்.

ஷைனி தாத்தாவைப் பார்த்த சந்தோஷத்தில் கத்திவிட்டாள்.

அவர் திரும்பினார். நான் வெளியே வந்தேன். குழி நடுவில். 

"எப்ப இருந்து மாமா?" என்றேன்.

முதலில் இல்லை என்றார். அப்புறம் குழியைக் காட்டி இது எல்லார் பின்னாடியும்தான் வருது என்றார். நான் பிள்ளையின் துணியை விலக்கித் தொடையைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் எல்லைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ராவுல படுத்தா தெரியுதும்மா" என்றார். "முதுவுக்குக் கீழே ஒண்ணும் இல்லைன்னு தெரியுது. தோண்டினது நாங்கதானே. எந்த இடத்துல இன்னா காலி, எங்க தூண் நிறுத்தாம உட்டோம், எல்லாம் முதுவுல தெரியுது. பாயி மட்டும்தான் கீது, அதுக்குக் கீழே காத்து. கெட்டி மண்ணு மேல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு படுத்துத் தூங்கினா போதும்னு தோணிடுச்சு. அன்னிக்கு காலையிலதான் இவ வந்து நின்னா."

"அப்ப நீங்க சொல்ல வேண்டியதுதானே, போலாம்னு?"

"எப்படிம்மா சொல்லுவேன்? சவரிநாதன் சொல்லுவானா அப்படி?"

எனக்கு அப்போதுதான் எஸ்தர் அண்ணி ஞாபகம் வந்தது. லாரியில் ஏறும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் மாமனார் டிரைவருக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்து, என் மருமவளாலே ஊரை உட்டுப் போறேனே என்று துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோவில் பக்கத்து வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார். அடுத்த லைன் வீட்டிலும், குடம் தள்ளின வீட்டிலும் இருந்தார். அன்றைக்கெல்லாம் நாங்கள் யாரைத் திட்டினோம், யார் குடத்தைத் தள்ளினோம்?

"உங்க ஊர்ல மண்ணு எப்படி?" என்று மாமா கேட்டார். "கெட்டியா?"

"கடப்பாரை இறங்காது மாமா. கிணறு வெட்டவே வருஷக்கணக்கா ஆச்சாம்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட இல்லை. "உங்க அண்ணன் வந்தப்ப, அவன் வூட்டுக்குப் பக்கத்து வூடு சும்மாதானே கீதுன்னு சொன்னான்?" என்றார். எல்லாம் கேட்டுத்தான் வைத்திருக்கிறார். அன்றைக்குப் பொரி உருண்டை கேட்டதும் அவர் காதில் விழுந்திருக்கும்.

போனால் டேங்கர் நிற்கும். கன்னியம்மா அக்கா வீட்டில் இருப்பது பொம்மை இல்லை, எனக்குத் தெரியும். போகாவிட்டால் குழி நிற்கும், என் குடம் கடைசியில் நிற்கும், பிள்ளையின் தொடை ஆறாது. இதை எந்தக் கணக்கு டீச்சராலும் போட முடியாது. "போலாம் மாமா" என்றேன். "ஆனா நீங்க வாங்க, முனிரத்னம் சித்தப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. அவரு உங்க பேச்சைக் கேப்பாரு. தண்ணி ஆபீசுக்கு எல்லாருமா ஒரு தடவை போயி நின்னுட்டு அப்புறம் கிளம்பலாம்."

அவர் பயந்துபோய் எழுந்தார். கூண்டுக் கயிறு அறுந்த அன்றைக்குக்கூட பயப்படாதவர் என்பார்கள். தூரத்தில் லைன் பக்கமிருந்து முனிரத்னம் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த மருந்துப் பையைத் தூக்கிக்கொடுக்க எப்போதும் வருகிறவர், சிநேகிதர். மாமா அவரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், நாலு எட்டு வைத்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். குழியும் கூடவே நகர்ந்தது, இப்போது பார்க்கிறவர்களுக்கு அது என் காலடியில் நிற்கிற மாதிரிதான் தெரியும். அதன் வெதுவெதுப்பு என் புடவை ஓரத்தைத் தூக்கிற்று. பிள்ளை சிரித்தது.

"சகாயம்" என்றார் மாமா. என் பெயர் சகாயராணி. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூச்சு வாங்கியது, ஆனாலும் அடிக்குரலில் கிடுகிடுவென்று பேசினார்.

"அவன் கேப்பான். நீதான் ஒத்தக் கால்ல நின்னே, உங்க ஊருக்குப் போயே தீரணும்னு அடம்புடிச்சேன்னு சொல்லிடும்மா. பொம்பளை சொன்னா ஊரு ஒத்துக்கும், நாலு நாளு ஏசிட்டு மறந்துடும். என்னைய மறக்காது. நீதான்னு சொல்லிடு. நான் வரவே மாட்டேன்னு தரையில புரண்டு அழுதேன், அதையும் சேத்துச் சொல்லும்மா."